எலாஸ்டிக்கில் மாட்டிய கொக்கி

இஷ்பெல் மெக்கின்னனிடம் ஏச்சு வாங்காமல் அந்தப் படகுத்துறையில் கூரைமேல் கயாக் படகு கட்டிய கார் எதுவும் லேசில் ஃபெரிக் கப்பல் ஏறியதில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை, ஓயாத மழை, கையில் ஒரு கொடி, வண்டிகளை வரிசைப்படுத்துவது வேலை. கூரையில் படகைக் கண்டால் நொண்டிக்கொண்டே வந்துவிடுவாள்.

கயாக்கில் ஆள் உட்காரும் குழிக்கு ரப்பர் மூடி போடுவார்கள். அதன் கொக்கியைப் படகோடு இழுத்துக் கட்டிய கெட்டிக் கயிற்றில் மாட்ட வேண்டும். சோம்பேறிகள் துடுப்பு செருகுகிற எலாஸ்டிக்கில் மாட்டுவார்கள். கார் வேகமெடுத்தால் எலாஸ்டிக் இழுபடும், காற்று புகும், மூடி பிய்த்துக்கொண்டு பறக்கும். மாற்றி மாட்டாதவன் இஷ்பெலிடம் தொலைந்தான். உள்ளூர்க்காரன், லண்டன்காரன் என்ற பேதமெல்லாம் கிடையாது.

சும்மா கத்துகிறவள் அல்ல. ஒரு காலத்தில் அவளும் டோர்குவில் என்பவனும் கூட்டாகப் பயணிகளைக் கயாக்கில் கடலுக்குக் கூட்டிப்போனவர்கள். ஒருநாள் முன்னால் போன அவன் கார் கூரையிலிருந்து சிவப்பு மூடி பறந்துவந்து இவள் காரின் முன்கண்ணாடியில் அப்பியது. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து அவள் முட்டி நொறுங்கிப்போனது. மடங்காத காலை எந்தப் படகில் நுழைப்பது? அந்தப் பாவி வண்டியைக்கூட நிறுத்தவில்லை. அந்த மாதிரிச் சிவப்பு மூடி ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது, தான் எப்போதும் கெட்டிக் கயிற்றில்தான் மாட்டுவதாகப் போலீஸிடம் சாதித்தான். வேகமாக ஓட்டியவள் பழியை அடுத்தவன்மேல் போடுகிறாள் என்று மதுக்கடையில் பேசிச் சிரித்தார்கள். கால் போனதைவிட இதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பொய்க்காரி என்ற பெயரோடு சாகக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதன் பிறகு டோர்குவில் கெட்டிக்காரன் ஆனான். துறைக்கு வருமுன்பே வண்டியை ஓரங்கட்டிக் கொக்கியை மாற்றிவிடுவான். அக்கரைத் தீவில் மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்றுதான் அவசரத்தில் மறந்துபோனான். கூரையில் மகளுக்குப் பரிசாகப் புதுப் படகு. இடுப்பில் விசேஷத்துக்கு உடுத்தும் கட்டம்போட்ட கில்ட் பாவாடை. புயல் வருவதால் அதுதான் அன்றைக்குக் கடைசி ஃபெரி.

இஷ்பெல் கூரையைப் பார்த்தாள். எலாஸ்டிக்.

"இறங்கி மாத்து."

துணி நனைந்துவிடும் என்றான். அவள் நகரவில்லை. வரிசையில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். மதுக்கடைக்காரன் ஹேமிஷும் அதில் ஒருவன்.

"ஏன் தாயே, உன் காலை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் எங்க உயிரை எடுப்ப?" என்றான் டோர்குவில்.

"மாத்திட்டு ஏறு."

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "படகு ஓட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து எலாஸ்டிக்லதான்டி மாட்டுறேன். உன் தொல்லைக்காக இந்தத் துறையில மட்டும்தான் மாத்துறது. எனக்கு என்ன ஆயிடுச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவனுக்கு உறைத்தது. ஹேமிஷ் தலையை வெளியே நீட்டி அவனையே பார்த்தான்.

"எனக்கு ஆச்சு," என்றாள் இஷ்பெல்.

அவன் இறங்கினான். கொட்டுகிற மழையில் கொக்கி கைக்கு அகப்படாமல் வழுக்கியது. பார்த்துக்கொண்டே நின்றாள், கை கொடுக்கவில்லை. மாட்டி முடித்ததும், இத்தனை வருஷமாகக் கடைசியில் ஏற்றியவனை அன்று முதல் வண்டியாக ஏறச் சொல்லிக் கொடியை அசைத்தாள்.

காதால் கேட்டவர்கள் அத்தனை பேரும் அவனுக்குப் பின்னால் ஏறினார்கள். எல்லாரும் அதே கல்யாணத்துக்குத்தான் போகிறார்கள்.