புளி போட்டு விளக்கிய கழுகு

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்த காலத்தில், என் சித்தப்பாவின் தலையெழுத்து தரைத்தளத்துப் பிரெஞ்சுக் கிழவரின் பேனாவில் இருந்தது. விசாவுக்குச் சித்தப்பா, என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார் என்று ஒரு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட விலாசக் கடிதம் காட்ட வேண்டும். எங்கள் ஒற்றை அறையின் பேரில் ஏற்கெனவே நாலு பேருக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. நாங்கள் முசியே என்று கூப்பிடும் அந்தக் கிழவரிடம் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி அம்மாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் பழைய ஜெர்மன் இராணுவத் தலைக்கவசங்கள் சேர்ப்பவர். அலுமாரியில் ஏழு வைத்திருந்தார். தடித்த தோல், உச்சியில் ஒரு பித்தளைக் கூர், நெற்றியில் செட்டை விரித்த பித்தளைக் கழுகு. எல்லாம் களிம்பேறிக் கறுத்துக் கிடந்தன. ஒரு கழுகில் காய்ந்த சேறுகூட அப்பியிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. மாதா திருநாளுக்கு முன் கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டு விளக்கிய குடும்பம் நாங்கள். அந்த அலுமாரியைப் பார்க்க எனக்கு மானம் போயிற்று.

இவற்றைத் தங்கமாய் மினுக்கிவிட்டால் கிழவர் கையெழுத்துப் போடாமல் எங்கே போவார்? நான் ஒன்று நினைத்தால் நினைத்ததுதான். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் புளி டின்னோடு கீழே இறங்கினேன். முதல் நாளே அம்மாவிடம் பிடிபட்டேன்.

"என்னடி செய்யிறாய்?"

சொன்னேன். அம்மா மினுங்கத் தொடங்கியிருந்த கழுகை விரலால் தடவிப் பார்த்தார்.

"உப்பும் போடு பிள்ளை. அப்பதான் களிம்பு விடும்."

நாலு நாள் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. சேறு பிடித்தது மட்டும் என்னோடு மல்லுக்கு நின்றது. பழைய பல் பிரஷால் செட்டைச் சந்துகளைக் கிண்டி, நாலாம் நாள் அதையும் வென்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கிழவர் திரும்பி வந்தார். அம்மா சித்தப்பாவுக்காக எழுதிவைத்த கடிதத்தை என் கையில் தந்து, அவர் வீட்டுக்குள் என்னை முன்னே தள்ளினார். கிழவர் அலுமாரியைத் திறந்தார். ஏழு கவசங்களையும் பார்த்தார். சேறு இருந்ததை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது.

"யார் செய்தது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான்தான் என்று பெருமையோடு கைகளை நீட்டினேன். உரிந்த விரல்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாடியையும் ஓடியே ஏறினேன்.

"முசியே சந்தோசத்திலை அழுதிட்டார்!"

சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். என் புளிதான் விசா எடுத்துக் கொடுத்தது என்று வீட்டில் பல வருடம் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

கிழவர் இறந்தபின், வீட்டைக் காலிசெய்ய வந்த அவருடைய மகள்தான் சொன்னாள். சேறு பிடித்திருந்த அந்த ஒன்று அவளுடைய தாத்தா முதல் உலகப் போர்முனையிலிருந்து கொண்டுவந்தது. சேறு அந்தப் பதுங்குகுழிச் சேறு. அதைத் தூசி தட்டக்கூடத் தன்னை அப்பா விட்டதில்லை என்றாள்.

அன்று அவர் அழுதது உண்மைதான். சந்தோசம் என்று சொன்னது நான்.