சராசரி என்று ஒரு ரிப்போர்ட்

சனிக்கிழமை மாலை மணி நான்கு பத்து.

இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. காரணம், அந்த மெயிலின் தலையிலேயே நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அதைத் திறந்து பார்த்துவிட்டேன். நேரமும் மாறவில்லை, உள்ளே இருப்பதும் மாறவில்லை.

என் மகளின் ஐ.க்யூ. டெஸ்ட் ரிப்போர்ட்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், பதினான்கு வயது. இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை - ‘எங்கள் வீட்டு வக்கீலம்மா’. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்... ஏழு வருடமாக நான் இங்கே எழுதுவதில் பாதி, அவள் கேட்ட கேள்வியும் அவள் அடித்த பதிலும்தான். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால் என்னை விட்டுவிட்டு அவளைத்தான் சுற்றி நிற்பார்கள். “நீதானா அந்த வக்கீலம்மா? எங்கே, ஏதாவது சொல்லு பார்ப்போம்!”

அவளோ, என் பின்னால் போய் நின்றுகொள்வாள். கூச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

டெஸ்ட் எதற்கு? பெங்களூரில் எங்கள் தொம்மலூர் அபார்ட்மெண்டில் இரண்டு பிள்ளைகள் எடுத்திருந்தார்கள். லிஃப்டில் ஒரு அம்மா, நான்காவது மாடி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். “எங்க பையனுக்கு சுப்பீரியர் ரேஞ்ச்னு வந்திருக்குங்க.” ரேஞ்ச்! பதினொன்றாம் வகுப்பில் எந்த க்ரூப் எடுப்பது என்று முடிவு பண்ண உதவும் என்று வீட்டில் சொன்னேன். பொய். லிஃப்டில் திருப்பிச் சொல்ல எனக்கும் ஒரு ரேஞ்ச் வேண்டியிருந்தது.

டெஸ்ட்டுக்கு முதல் நாள் கேட்டாள். “கம்மியா வந்தா என்னம்மா பண்றது?”

நான் சிரித்தேன். “உனக்கா? கம்மியாவா?”

அவள் சிரிக்கவில்லை. அப்போதே கவனித்திருக்க வேண்டாமா?

ரிப்போர்ட்டில் இருந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த சொல்லை மட்டும் எழுதுகிறேன். ஆவரேஜ். சராசரி.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், அவள் என் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்தது. அன்று அல்சூர் கோயிலில் தேங்காய் உடைத்தோம். ரத்தத்தில் நார்மல் என்றால் டாக்டருக்கு நன்றி சொல்கிறோம். காய்ச்சல் நார்மலுக்கு வந்தால் நெற்றியில் விபூதி வைக்கிறோம். மூளை மட்டும் நார்மல் என்றால்...? நான் என்ன செய்தேன் தெரியுமா? பெயரில் தப்பு இருக்கிறதா என்று தேடினேன். பிறந்த தேதியைச் சரிபார்த்தேன். வேறு ஒரு வீட்டுப் பெண்ணின் சராசரி எங்கள் வீட்டுக்கு வழி தவறி வந்திருக்க வேண்டும் என்று நம்பினேன்.

சைக்காலஜிஸ்டுக்கு போன் செய்தேன். நல்ல பெண்மணி. நிதானமாகப் பேசினார்.

“ரிப்போர்ட் மாறியெல்லாம் போகலைங்க. அவளோடதுதான். நல்லா கோ-ஆபரேட் பண்ணா. வொர்ரி பண்ண ஒண்ணுமே இல்ல.”

“அன்னிக்கு அவளுக்கு ஜலதோஷம், மேடம்.”

“சரிங்க, ஆனா...”

“ரீ-டெஸ்ட் எப்ப எடுக்கலாம்?”

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஒண்ணு சொல்லட்டுமா? கிளம்பறப்போ அவ எங்கிட்ட, ‘ரிசல்ட்டை அம்மாகிட்ட நீங்களே சொல்லிடறீங்களா, ப்ளீஸ்’னு கேட்டா. அதான் உங்களை நேர்ல கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன். ஆபீஸ்ல அதுக்குள்ள மெயில் அனுப்பிட்டாங்க போல.”

இதைக் கேட்ட ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்? போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் குரலை உயர்த்தினேன்.

“மேடம், என் பொண்ணு ஆவரேஜ் கிடையாது. உங்களுக்கு அவளைத் தெரியாது. நான் எழுதறதைப் படிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, அவ யாருன்னு சொல்லுவாங்க!”

திரும்பினேன். சமையலறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், தோளில் ட்யூஷன் பையோடு. வழக்கமாக ஐந்து மணிக்கு விடுகிறவர்கள் அன்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அவளிடம் தனிச் சாவி உண்டு.

“ரிசல்ட் வந்துடுச்சா?”

“இன்னும் வரலடா கண்ணு.”

மேஜைமேல் லேப்டாப் திறந்தபடி இருக்கும்போதே இதைச் சொன்னேன்! அவள் போய்க் குனிந்து பார்த்தாள். “ஆவரேஜ்” என்று ஒரு தடவை சொன்னாள், பாடப் புத்தகத்தில் வருகிற சொல்லைப் படிப்பதுபோல. பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

“கடைக்குப் போறேன்.”

“என்ன வேணும்?”

செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அப்போது மணி நாலே முக்கால்.

ஐந்து மணிக்குக் கீழே இறங்கிக் கடையில் கேட்டேன், வரவில்லை என்றார்கள். ஐந்தேகாலுக்கு கேட்டில் இருந்த செக்யூரிட்டி நாகராஜைக் கேட்டேன், பாதி கன்னடத்தில் சொன்னார். “ஒப்பளே ஹோத்லு மேடம்... தனியாத்தான் போச்சு பாப்பா. மெயின் ரோடு பக்கம். நான் ‘ஏனம்மா, ட்யூஷனா?’ன்னு கேட்டேன், திரும்பியே பாக்கல.”

கணவருக்கு போன் செய்தேன். சனிக்கிழமையும் ஆபீஸ் உள்ளவர். நான் சொல்லி முடிப்பதற்குள் வெடித்தார்.

“நீ என்ன சொன்னே அவகிட்ட?”

“அவகிட்ட ஒண்ணும் சொல்லலைங்க. டாக்டர்கிட்ட...”

“அவ காதுல விழற மாதிரி! நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, டெஸ்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு. சரி விடு, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். எங்க போயிருப்பா?”

“தெரியல.”

“யோசி சுமதி. மனசு சரியில்லன்னா எங்க போவா? யார்கிட்ட போவா?”

எனக்கு பதில் தெரியவில்லை. ஏழு வருடம் வாராவாரம் அவளைப் பற்றி எழுதியவள் நான். மனசு சரியில்லை என்றால் அவள் எங்கே போவாள் என்று ஒரு வாரம்கூட எனக்குத் தோன்றியதில்லை... தோன்றியிருந்தாலும் அதில் பத்திக்கு என்ன இருக்கிறது?

அவர் பைக்கில் மெட்ரோ ஸ்டேஷன், பூங்கா, ஏரிக்கரை என்று கிளம்பினார். நான் தெருத்தெருவாக நடந்தேன். “மீனு! மீனு!” என்று கூப்பிட்டுக்கொண்டே. ஆம், அவள் பெயர் மீனு. இத்தனை வருடத்தில் இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை.

வகுப்புத் தோழி அஃப்ரீன் வீடு ஃப்ரேசர் டவுனில் இருக்கிறது. கிளாஸ் லிஸ்டில் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

“இங்க வரல ஆன்ட்டி.” கொஞ்சம் தயங்கினாள். “நான் ஒண்ணு சொல்லலாமா, திட்ட மாட்டீங்களே? ரெண்டு வாரமா அவ லஞ்ச் டப்பாவைத் திறக்கறதே இல்ல ஆன்ட்டி. டெஸ்ட்ல கம்மி வந்தா அம்மா மேகஸின்ல இனிமே எதை எழுதுவாங்கன்னு கேட்டுட்டே இருந்தா. நான் ஜோக்குன்னு நெனச்சேன்.”

நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாசகர்களே, உங்களிடம்தான். வக்கீலம்மா சொன்னதாக நான் எழுதியவற்றில் பல, அவள் சொன்னவை அல்ல.

முழுப் பொய் இல்லை. ஒரு நுனி இருக்கும், நான் இழுத்துக் கட்டிவிடுவேன். ஒரு நாள் என் கணவர் ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார். ‘அப்பாவுக்கு ஆபீஸ்ல வேலையா, சிக்னல்ல வேலையா?’ என்று வக்கீலம்மா கேட்டதாக எழுதினேன். நினைவிருக்கிறதா? எத்தனை கடிதங்கள் எழுதினீர்கள்! அவள் அன்று உண்மையில் சொன்னது - “அப்பா இன்னும் வரலையா?” அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு நாலைந்து தடவை கேட்டாள். அதை எழுதியிருந்தால் யார் கடிதம் போட்டிருப்பீர்கள்?

தைரியமாகச் செய்தேன். ஏனென்றால் அவளால் படிக்க முடியாது. பெங்களூரில் பிறந்த பிள்ளை. பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி. தமிழ் பேசுவாள், எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக் கொடுத்தேன், பாதியில் விட்டுவிட்டேன். பெற்ற பெண்ணைப் பற்றி, அவளால் படிக்க முடியாத மொழியில், வாராவாரம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் இவ்வளவு வெறி? பள்ளியில் நான் எப்போதும் முதல் ரேங்க். அதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல எங்கள் வீட்டாரிடம் ஒன்றும் இருக்கவில்லை. “நிறம் கம்மி, உயரமும் இல்ல... ஆனா மூளைக்காரி!” என்பார்கள். அந்த ‘ஆனா’வைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான். மூளை இல்லையென்றால் நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அதை அவளுக்கும் ஊட்டியிருக்கிறேன், சோற்றோடு சேர்த்து. வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்லாமலே கற்றுக்கொண்டுவிட்டாள். இந்தப் பாடத்தில் யாரும் சராசரி வாங்குவதில்லை.

ஆறரை மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கணவர் போன் செய்தார். குரலில் கோபம் எல்லாம் போயிருந்தது. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

“ஏரிக்கரை ரெண்டு சுத்து சுத்திட்டேன். இல்ல. மெட்ரோல போட்டோ காமிச்சேன், யாரும் பாக்கலங்கறாங்க. ஏழரை வரைக்கும் பாப்போம். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் போயிடலாம். நீ வீட்டுலயே இரு, வந்தா கதவைத் திறக்க ஆள் வேணும்.”

ஏரிக்கரை என்று சொன்னபோது தண்ணீரை எட்டிப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டில் உட்கார முடியவில்லை. மேஜைமேல் அவள் போன். எடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. அவள் பிறந்த தேதியைப் போட்டேன், திறக்கவில்லை. என்னுடையதைப் போட்டேன், அதுவும் இல்லை. அதற்குமேல் அவளைப் பற்றி எனக்கு வேறு என்ன தெரியும்? போலீஸில் கேட்பார்களே, என்ன டிரஸ் போட்டிருந்தாள் என்று... கண்ணை மூடி யோசித்தேன். அவள் வாசலில் நின்ற அந்த ஒரு நிமிடம் அப்படியே தெரிகிறது. பை தெரிகிறது, முகம் தெரிகிறது. உடை என்ன நிறம்? தெரியவில்லை. லேப்டாப்பில் இருந்த எண் மட்டும் இரண்டு இலக்கமும் பளிச்சென்று தெரிந்தது.

ஏழு மணி. ஏழு பத்து. மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் ஒவ்வொரு முறை நின்றபோதும் எழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள். பீட்ஸா கொண்டு வந்தவர். மறுபடி பக்கத்து வீட்டுக்காரர்கள்.

மணி ஏழு இருபத்தைந்து. பெல் அடித்தது.

இங்கிருந்து அவள் பேசுவதை, அவளுக்குப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்ட பிறகே எழுதுகிறேன்.

மீனு தலை நனைந்து நின்றாள். பச்சைச் சுடிதார். சாவியை ட்யூஷன் பையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். இரண்டரை மணி நேரமாக அவளிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், அழகான வாக்கியங்கள். ஒன்றும் வரவில்லை. “எங்கடி போனே?” என்றுதான் வந்தது.

“லைப்ரரிக்கு.”

“எந்த லைப்ரரி?”

“அல்சூர்ல, பொங்கல் போட்டிக்குப் போவோமே, அந்தத் தமிழ் லைப்ரரி. உன் மேகஸினெல்லாம் பைண்ட் பண்ணி வெச்சிருக்காங்க.” மூச்சு வாங்கினாள். “நடந்தே போனேன். அந்தப் பொண்ணு யாருன்னு பாக்கலாம்னு.”

நான் கணவருக்கு போன் செய்து, “வந்துட்டா” என்று ஒரு சொல் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் பைக்கை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது.

துண்டை எடுத்து வந்து அவள் தலையைத் துவட்டினேன். தடுக்கவில்லை.

“ரெண்டுதான் படிக்க முடிஞ்சுதும்மா. மெதுவாத்தான் வருது. அதுக்குள்ள மூடறோம்னுட்டாங்க.”

அந்த நேரத்திலும் என் வாயில் என்ன வந்தது என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

துண்டுக்குள்ளிருந்து சொன்னாள்.

“நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு நல்லா பேசறா. ஆனா நான் அவ இல்லம்மா. பரவாயில்லையா?”