டிரைவருக்கு வாய்த்த ஜோடி

பஸ் டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆட்டக் கிறுக்கு பிடித்ததற்கு டாக்டர்தான் காரணம். உடம்பை அசையுங்கள் என்றார் அவர். நடப்பது சலிப்பாக இருக்கிறது என்று இவர் சொல்லப்போக, ஜோடி நடன வகுப்பில் போய் விழ வேண்டியதாயிற்று. துணிக்கடையில் கல்லாவில் உட்காரும் மனைவியையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார்.

ஆண் வழிநடத்த வேண்டும், பெண் கூடவே வர வேண்டும். அதுதான் மாஸ்டரின் முதல் பாடம். ஊரையே ஏற்றி இறக்குகிறவருக்கு ஒரு மனைவியை ஓட்டுவதா பெரிய காரியம்? சீக்கிரமே நன்றாக ஆடினார், அதில் தலைக்கனமும் ஏறியது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. ஆடும்போது மனைவியின் கை அவர் தோளில் கிடக்கும். திரும்புகிற நேரமெல்லாம் விரல்கள் லேசாக அழுத்தும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் கொஞ்சிப் பேசியறியாதவள் இப்போது விரலால் பேசுகிறாள் என்று மனிதர் உருகிப்போனார். கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து வாயே திறக்கவில்லை.

புதிதாகக் கற்றவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். முதல் சுற்றை இருவரும் சேர்ந்து ஜமாய்த்துவிட்டார்கள். அடுத்த சுற்றில் சீட்டுக் குலுக்கி ஜோடியை மாற்றுவது வழக்கம். மனைவிக்கு வந்து வாய்த்தவர் மருந்துக்கடைக்காரர். பெண்டாட்டி இல்லாத ஆள், கத்தரித்த மீசை, சட்டை நிறைய செண்ட்.

டிரைவருக்கு வந்த பல் டாக்டரம்மாவின் காலை இவர் மிதி மிதி என்று மிதித்தார். எந்தப் பக்கம் திரும்புவதென்று புரியாமல் கூடத்தின் நடுவில் நின்றே விட்டார். வகுப்பில் மரம் மாதிரி நிற்கிற மருந்துக்கடைக்காரரோ சுழன்று சுழன்று ஆடிக்கொண்டிருந்தார். இவருக்கு வயிறு எரிந்தது. இறுதிச் சுற்றுக்கு அந்த ஜோடியையும் கூப்பிட்டார்கள்.

தண்ணீர் குடிக்க வந்த மருந்துக்கடைக்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "எனக்கென்ன சார் தெரியும்? உங்க வீட்டம்மா தோள்ல அழுத்துவாங்க, நான் திரும்பிடுவேன்."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆக, இத்தனை நாளும் ஓட்டியது இவரில்லை. அதையாவது சகித்துக்கொள்வார். அன்பென்று நினைத்தது வெறும் சிக்னல். அந்த சிக்னலையும் இன்னொருத்தன் தோளுக்குக் கொடுத்துவிட்டாளே, அதுதான் ஆறவில்லை.

மனைவி வந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து எதிலும் ஜெயித்தறியாதவள். கோப்பை மேல் அவளுக்கு இருந்த ஆசை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "நீங்க வேண்டாம்னா நான் போகலே," என்றாள்.

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? "போ," என்றார். அவள் நகர்ந்ததும் மனசு கேட்கவில்லை.

"ஆனா அவர் தோளை அழுத்தாதே."

"அழுத்தாம எப்படி ஜெயிக்கிறது?"

"அப்ப தோத்துட்டு வா."

கல்லாவில் கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாட்டு ஆரம்பித்தது. டிரைவரின் கண் அவள் விரலை விட்டு நகரவில்லை. கை சும்மா கிடந்தது. மருந்துக்கடைக்காரர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய் நடுவர்களின் மேஜையில் மோதினார். கூடமே சிரித்தது. அவர்களுக்குக் கடைசி இடம்.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தளர்த்தினாள்.

"இப்பத் திருப்தியா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மனிதரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் திருப்திதான்.