கமலத்துக்கு வந்த ஒயின்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒயின் குடிக்கப் போனேன்.

உடனே பேனாவை எடுக்காதீர்கள். கொசுவலையைப் பற்றி எழுதியதற்கே கடிதம் போட்டு என்னைத் திட்டித் தீர்த்தவர்கள் நீங்கள். நான் குடித்தது ஒரே ஒரு வாய்தான். வந்த கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே டிரஸராக இருக்கிறார் என் நண்பர் நடேசன். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பேதி, பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் டிரஸர்தான் டாக்டர். கெட்டிக்காரர். கை ராசிக்காரர் என்றும் பெயர்.

அவருடைய மனைவி கமலம் போன வாரம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். கஷ்டமான பிரசவம். ரத்தம் நிறையப் போய்விட்டது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பால் போதாமல் குழந்தை கத்துகிறது. இந்தச் சமயத்தில் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி அம்மாள், அவளைப் பார்க்க வந்திருக்கிறார். பார்த்துவிட்டுப் போனவர், சாயங்காலம் தானே ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

சிவப்பு ஒயின். கடையில் வாங்கியதல்ல. ஆஸ்திரேலியாவில் அந்த அம்மாளின் தகப்பனாரும் சித்தப்பாக்களும் சேர்ந்து நடத்தும் திராட்சைத் தோட்டத்தில் செய்தது. மூன்று வகைக் கறுப்புத் திராட்சை ஒயினைக் கலந்து, வருஷக்கணக்கில் பீப்பாயில் உறங்கவிட்டு, பிறகு பாட்டிலிலும் உறங்கவிட்டது. கல்யாணமாகிக் கப்பலேறும்போது தகப்பனார் பெட்டியில் வைத்து அனுப்பியவற்றில் கடைசி பாட்டிலாம். "ராத்திரி சாப்பாட்டோடு ஒரு சின்ன கிளாஸ் கொடுங்கள், ரத்தம் ஊறும். பாட்டிலைக் குலுக்காதீர்கள், ஒரு நாள் அசையாமல் நிறுத்தி வைத்துவிட்டுத் திறங்கள்" என்று நடேசனிடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

தகப்பன் வீட்டுச் சீரில் மிஞ்சியிருந்த கடைசிச் சாமானை, ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பாட்டில் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தது தெரியுமா? ஹாலில். மேசைக்கு நடுவில். சுற்றி நான்கு ஆண்கள்!

"அண்ணே, பிரிக்பீல்ட்ஸ்ல இருந்துக்கிட்டு நீங்க இந்த மாதிரி சரக்கைப் பாத்திருக்கவே மாட்டீங்க. ரயிலேறி வந்துடுங்க" என்றுதான் நடேசன் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். யாருக்கு வந்த சரக்கு என்று சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நானும் ஒரு வெள்ளி அரைஞாணை வாங்கிக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்தால், எனக்கு இந்தப் பக்கம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியார். அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். இந்த வாத்தியாரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோயில் திருவிழா தவறாமல் மேடையேறி, கள்ளுக்கடைப் பக்கம் போகிற தொழிலாளியைக் கிழி கிழி என்று கிழிப்பவர்.

"வாத்தியாரே, நீங்களுமா?" என்றேன்.

"கள்ளு வேற லா, இது வேற. இது பழரசம்" என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

தொழிலாளர் லயத்தில் இருக்கிற மாடசாமி குடித்தால் குடி. வாத்தியார் குடித்தால் பழரசம். சரி, போகட்டும். அதற்கு இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நடேசன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து அதன் குலம் கோத்திரம் எல்லாம் சொன்னார். தகப்பனார், சித்தப்பாக்கள், மூன்று திராட்சை, பீப்பாய், கப்பல்... கடைசியில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி அலட்சியமாக, "கமலத்துக்குன்னு குடுத்தாங்க" என்றார்.

"யாருக்கு?"

"கமலத்துக்குத்தான். அவளுக்கு இதோட அருமை என்ன தெரியும்ணே? பத்தியத்துல வேற இருக்கா. குடும்பப் பொம்பளை ஒயின் குடிக்கிறதாவது!"

நான் கேட்கிறேன்... பிள்ளை பெற்ற வீட்டில் பிராந்தி வாசம் வராத தெரு பிரிக்பீல்ட்ஸில் எது? கிள்ளானில் எது? குளிருக்கு ஒரு ஸ்பூன், வாய்வுக்கு ஒரு ஸ்பூன் என்று மருந்துருண்டையோடு சேர்த்துக் கொடுக்காத குடும்பம் எது? அப்போதெல்லாம் குடும்பப் பொம்பளை எங்கே போனாள்?

அதையே கேட்டேன். நடேசன் வேறு காரணத்துக்குத் தாவினார்.

"அதுவும் இல்லாம அண்ணே, தீட்டு. அந்த ரூமுக்குள்ள போன சாமான் சடங்கு முடியுற வரைக்கும் வெளிய வரக்கூடாது. பாட்டில் உள்ள போயிட்டா நாம எப்படி எடுக்கறது?"

பார்த்தீர்களா? பாட்டிலைத் தீட்டிலிருந்து காப்பாற்றுகிறாராம்! தீட்டு என்று பெண்டாட்டியை எட்டிப் பார்க்காத மனிதர், அதே தீட்டு வீட்டில் மூன்று பேரைக் கூட்டி ஆட்டுக்கறி வறுவலோடு விருந்து வைக்கலாம். அந்தத் தீட்டு ஹாலுக்கு வராது போலிருக்கிறது.

இதற்குள் கறித்தட்டோடு மங்களம் வந்தாள். கமலத்தின் அக்கா. தங்கையின் பிள்ளைப்பேற்றைக் கவனிக்கக் காஜாங்கிலிருந்து வந்திருப்பவள். ஆஸ்பத்திரியில் மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸ்கள் மேசையில் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள்.

"தம்பி, அவளுக்கு முதல்ல ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்துடுங்க. காலையிலேர்ந்து ரெண்டு தடவை மயக்கம் வந்துருச்சு."

"இருங்கக்கா. வந்தவங்க குடிக்கட்டும். மிச்சம் இருந்தா தரேன்."

மிச்சம் இருந்தால்! இது ஒயின் கதை மட்டுமா? கோழி அடித்தால் தொடை யார் இலைக்குப் போகிறது? மீன் வாங்கினால் நடுத்துண்டு யாருக்கு? சமைத்தவளுக்குக் குழம்பில் முக்கி எடுத்த சோறு. அதைக்கூட நாம் பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் பெயர் சொல்லி, நோய் சொல்லி, அளவு சொல்லிக் கொடுத்த பாட்டில் இது. உள்ளே அவள் மயங்கிக் கிடக்கிறாள். குழந்தையின் அழுகை எங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கிராணியார் கறியை மென்றுகொண்டு, "பொண் குழந்தைக்குத் தொண்டை நல்லா இருக்கு" என்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நடேசன் ஒரு காரியம் செய்தார். பாட்டிலைக் கழுத்தோடு பிடித்து, மேலும் கீழும், ஆஸ்பத்திரி மிக்ஸர் மருந்தைக் குலுக்குகிற மாதிரி, குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்.

"அந்த அம்மா குலுக்கக் கூடாதுன்னாங்களே!" என்று மங்களம் பதறினாள்.

"அவங்களுக்குத் திராட்சை தெரியும்க்கா. மருந்து எனக்குத் தெரியும். சத்தெல்லாம் அடியில தங்கிடும். குலுக்கினாத்தான் எல்லாருக்கும் சமமா வரும்."

எத்தனை வருஷப் பழக்கம்! கையில் பாட்டில் வந்தால் குலுக்காமல் இருக்க முடியாது அவரால்.

அவுன்ஸ் கிளாஸில் ஊற்றினார். கலங்கலாக வந்தது, மழைக்காலத்துக் கிள்ளான் ஆறு மாதிரி. நான் ஒரு வாய் வைத்தேன். மண்டி நாக்கில் நறநறவென்றது. ஒரே துவர்ப்பு. பின்னால் ஒரு கசப்பு. பல வருஷம் பீப்பாயில் அசையாமல் படுத்துத் தேடிக்கொண்ட ருசியெல்லாம் நடேசனின் கையில் போயே போய்விட்டது. வாத்தியாரின் முகம் விளக்கெண்ணெய் குடித்த பிள்ளையின் முகமானது. கிராணியார் ஜன்னல் வழியாகத் துப்பினார்.

"கெட்டுப்போன சரக்கு லா, டிரஸரே!"

"சீனி போட்டுப் பாப்பமா?" என்றார் வாத்தியார். போட்டார்கள். சோடா கலந்தார்கள். ம்ஹும். கடைசியில் வாத்தியார்தான் தீர்ப்புச் சொன்னார்.

"இது மருந்துதான். சந்தேகமே இல்ல. அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க."

"அதுவும் சரிதான்" என்றார் நடேசன், தர்மம் செய்கிற தோரணையில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனிக்கும் என்று நினைத்தவரை அவளுக்கு அருமை தெரியாது. கசந்ததும் அவளுக்கே மருந்து! பத்தியம் எங்கே போயிற்று? குடும்பப் பொம்பளை எங்கே போனாள்? ஒரே நொடியில் எல்லாம் ஓடிப்போயிற்று.

இதோடு விட்டார்களா? வாத்தியார், கிளாஸில் தான் எச்சில் பண்ணி மிச்சம் வைத்ததைப் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றப் போனார். வீணாக்கக் கூடாதாம். நான் பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். "உங்க எச்சிலையுமா அவ குடிக்கணும்? வெட்கமா இல்ல உங்களுக்கு?" வாத்தியார் சோடா கிளாஸை எடுத்து அதற்குள் பார்த்துக்கொண்டார். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. மங்களத்தின் கையில் கொடுத்தேன். "உள்ள கொண்டு போயிடும்மா. இப்பவே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துகொண்டாள். போனாள்.

மேசையில் கிராணியார் கொண்டுவந்த விஸ்கி திறக்கப்பட்டது. நான் தொடவில்லை. நடேசனோடு பேசவும் இல்லை. கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்... என்ன செய்வது, கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போக கார் சாயங்காலம்தான் வரும். வராந்தாவில் தனியாக உட்கார்ந்து ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் வருகிற நேரத்தில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கொல்லைப் பக்கம் போனேன். கமலம் இருக்கும் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. அரைஞாணை அதன் வழியாகத்தான் கொடுத்தேன். ஜன்னல் கட்டையில் அந்தப் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. பந்தி பரிமாறி, பாத்திரம் கழுவி ஓய்கிறவரை மங்களத்துக்கு அதைத் தொட நேரமே கிடைக்கவில்லையாம். அரை நாள் அசையாமல் நின்றதில் மண்டியெல்லாம் அடியில் இறங்கிவிட்டது. மேலே தெளிவு. சாயங்கால வெயிலில் மாதுளை முத்து நிறம்.

மங்களம் ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். கமலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. தயங்கித் தயங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள்.

"எப்படி இருக்கு?" என்று மங்களம் கேட்டாள்.

"முதல்ல நாவப்பழம் மாதிரி துவர்க்குதுக்கா. அப்புறம்... பழைய மரப்பெட்டியைத் திறந்தா ஒரு வாசம் வருமே, அது. விழுங்கின பின்னாடி மெதுவா ஒரு தித்திப்பு." இன்னொரு வாய் குடித்தாள். "நல்லாருக்குக்கா. எனக்கு வந்ததுதானே இது?"

அந்தக் கேள்வியில் குறையோ கோபமோ எதுவும் இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்கு வந்ததுதான்டி" என்றாள் மங்களம்.

அறையின் உள்கதவுப் பக்கம் செருமல் கேட்டது. நடேசன். வாசற்படிக்கு வெளியே நின்றபடி கழுத்தை மட்டும் நீட்டினார்.

"நல்லாருக்குன்னா சொல்றா? தெளிஞ்சிருச்சா? அக்கா, ஒரே ஒரு கிளாஸ்... கிராணியார் இன்னும் போகலை. பாட்டிலை இப்படி நீட்டுங்களேன்."

மங்களம் நிதானமாக எழுந்தாள். கதவருகே போனாள்.

"உள்ள வந்த சாமான் வெளிய போகக்கூடாது தம்பி. தீட்டு!"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாஸ்திரம் நல்லதுதான், ஐயா... கதவை எந்தப் பக்கத்திலிருந்து சாத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து!