பொன்னியம்மாள் போட்ட பந்தி

முசரவாக்கத்துப் பொன்னியம்மாளுக்கு ஒரு குணம் உண்டு. தான் சமைத்ததை யாராவது மிச்சம் வைத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. புருஷன் போனபின் காஞ்சிபுரம் வந்து, பெண்கள் கல்லூரி விடுதி அடுப்படியில் பதினோரு வருஷம் வெந்தும் அந்தக் குணம் மாறவில்லை. ஆனால் அந்த அடுப்படியில் கைமணம் காட்ட என்ன இருந்தது? வார்டன் லோகாம்பாள் காலையில் பருப்பை உழக்கால் அளந்து போட்டுவிட்டு சாமான் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அறுபது பெண்களுக்கு அது எந்த மூலைக்கு? வார்டனைச் சொல்லியும் குற்றமில்லை, மேலே இருந்து வருவதே அவ்வளவுதான். புளியைக் கரைத்து, தண்ணீரை விட்டு, கொதித்ததைச் சாம்பார் என்று சொல்லி ஊற்றினாள் பொன்னியம்மாள்.

அறுபது பேரில் மங்கையர்க்கரசி மேல் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். மாகறல் விவசாயி அப்பாதுரையின் மகள். அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். இரண்டாம் வருஷம் அந்தப் பெண்ணுக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்கிற்று. பொன்னியம்மாள் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

“இன்னா கண்ணு, ஒடம்புல ரத்தமே இல்லையே. ஊருக்குப் போவ சொல்லோ அப்பாகிட்ட சொல்லு.”

“சொன்னா படிப்பே வேணாம்னு கூட்டிக்கினு போயிடுவாரும்மா. நீங்களும் சொல்லிடாதீங்க.”

அவள் சொல்லவில்லை. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு தினமும் ஒரு லோட்டா கொடுத்தாள். அவளால் ஆனது அதுதான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், கல்லூரி விடுதிச் சாப்பாட்டில் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மெட்ராஸிலிருந்து டாக்டர் தாரா வந்தார். சத்துக் குறைந்த விடுதிகளுக்குப் பருப்பும் பாலும் கூடுதலாகக் கிடைக்கும் என்று வார்டனுக்கு வந்த கடிதத்தில் இருந்தது. அதை அடுப்படியில் யாரும் சொல்லவில்லை. “டாக்டரம்மா பசங்களோட உக்காந்து சாப்பிடுவாங்க. எப்பவும் போல சமைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, டாக்டரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற அவசரத்தில் வார்டன் சாமான் அறைச் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கேதான் வந்தது வினை. வெளியூரிலிருந்து வந்த பெண்மணிக்குத் தண்ணீர்ச் சாம்பாரையா ஊற்றுவது? சரி, விருந்தாளிக்கு மட்டும் நல்லதாகப் போடலாமென்றால், ஒரே பந்தியில் ஆளுக்கொன்றாகப் பரிமாறிப் பந்தி வஞ்சனை செய்கிறவள் இல்லை அவள். ஒரு வாரப் பருப்பையும் அன்றைக்கே உலையில் போட்டாள். தம்பி குப்புசாமி கொல்லையிலிருந்து முருங்கைக்கீரையும் ஒரு பானைத் தயிரும் வந்தன. அறுபது பேருக்கும் தலைவாழை இலை. டாக்டரைக் கொண்டுவந்து விட்டதும் வார்டன் கல்லூரி ஆபீஸுக்குப் போய்விட்டார்.

டாக்டர் சின்னத் தராசு ஒன்றை வைத்து, மங்கையர்க்கரசி இலையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதிக்கொண்டார். “தினமும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

மங்கையர்க்கரசி நிமிர்ந்து, கரண்டியும் கையுமாக நின்ற பொன்னியம்மாளைப் பார்த்தாள். தன்னால் அந்த அம்மாவுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

“தினமும் இப்படித்தாங்க” என்றாள்.

பொன்னியம்மாள் பூரித்துப் போனாள், பைத்தியக்காரி. டாக்டர் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் விடுதியில் பருப்பே கிடையாது. ஒரு மாதம் கழித்து வார்டன் ஒரு காகிதத்தோடு அடுப்படிக்கு வந்தார். “இங்க சாப்பாடு சத்தாத்தான் இருக்குது, கூடுதலா எதுவும் தேவையில்லைன்னு எழுதிட்டாங்க. எப்பவும் போல சமைக்கத்தானேம்மா சொன்னேன்?” பருப்பும் பாலும் கூடுதலாக வரவிருந்தது அப்போதுதான் பொன்னியம்மாளுக்குத் தெரிந்தது. வார்டன் திருத்தி எழுதிப் போட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

ஐப்பசி மழையில் விடுதியில் நாலு பெண்களுக்கு டைஃபாய்டு கண்டது. மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். மங்கையர்க்கரசிக்குக் காய்ச்சலைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

மகளின் டிரங்குப் பெட்டியை எடுக்க வந்த அப்பாதுரை அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் அவள் எழுதிய ஓர் இன்லண்டு லெட்டர்.

“பொன்னியம்மா நீங்கதானாம்மா? உங்க பேர் போட்டு எழுதியிருக்குது பாருங்க. கெட்டிப் பருப்பு, முருங்கக்கீரை, தயிருன்னு. இதப் படிச்சிட்டுத்தான் புள்ள நல்லா சாப்புடுதுன்னு ஊட்ல நிம்மதியா இருந்தோம்.” அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு அவள் சும்மா இருந்திருக்கலாம். நெஞ்சு கேட்கவில்லை.

“அது ஒரு நாள்தாங்க” என்றாள். “மத்த நாளெல்லாம் தண்ணிதான் ஊத்தினேன். புள்ளைக்கு ரத்தம் இல்லைன்னும் எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லாம உட்டுட்டேன்.”

அவர் லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். தெருமுனை வரை பின்னாலேயே போனாள் பொன்னியம்மாள். அவர் திரும்பவே இல்லை.

மறுவருஷம் டாக்டர் தாரா மறுபடியும் வந்தார். பொன்னியம்மாள் எப்பவும் போலச் சமைத்து, தட்டில் தண்ணீர்ச் சாம்பாரை ஊற்றினாள். இரண்டு வாய்க்கு மேல் டாக்டரால் முடியவில்லை. அந்தத் தட்டை அவளே எடுத்துப்போய்க் கழுவினாள். இரண்டு மாதத்தில் பருப்பும் பாலும் வந்தன. வந்துவிட்டது என்று மாகறலுக்குச் சொல்லியனுப்ப மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.