விற்பனையே இல்லாத கம்பெனியில் என் மூன்று வருடங்கள்

1. முதல் நாள்

முதல் நாள் என்னிடம் கொடுத்த கணக்கில் விற்பனை என்ற தலைப்பே இல்லை. கொள்முதல் இல்லை, சரக்கு இருப்பு இல்லை. சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். ஆனால் அமெரிக்காவில் ஒரு டிரஸ்ட் அக்கவுண்டில் அறுபது மில்லியன் டாலர் இருந்தது.

அதற்கு முன் பீளமேட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபத்து மூன்று வருடம் கணக்குப் பார்த்திருக்கிறேன். பிறகு அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஓர் ஆபீசில் ஆறு வருடம். லாபக் கம்பெனி, நஷ்டக் கம்பெனி இரண்டையும் பார்த்தவள். தொழிலே இல்லாத கம்பெனியை அன்றுதான் பார்த்தேன்.

அதை வெற்றுக் காசோலைக் கம்பெனி என்பார்கள். ஒரு கம்பெனியை ஆரம்பித்து, பங்கு ஒன்று பத்து டாலர் என்று விற்றுப் பணம் திரட்டி, அந்தப் பணத்தை டிரஸ்டில் பூட்டி வைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஒன்றரை வருடத்துக்குள் நல்ல தொழில் நடத்துகிற ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்து, இதோடு இணைக்க வேண்டும். இணைந்தால் டிரஸ்டுப் பணம் அந்தத் தொழிலுக்குப் போகும். இணையாவிட்டால் பங்கு வாங்கியவர்களுக்கு வட்டியோடு திரும்பப் போகும். அதுவரை ஆகும் ஆடிட்டர் பீஸ், வக்கீல் பீஸ், என் சம்பளம் எல்லாம் கம்பெனியை ஆரம்பித்தவரின் சொந்தப் பணம். இணைந்தால் அவருக்கு நல்ல லாபம் உண்டு. இணையாவிட்டால் அவர் போட்டது அத்தனையும் போச்சு.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கேட்டார்: "மண்டபத்தைப் புடிச்சுப்போட்டு அப்புறமா மாப்பிள்ளை தேடறீங்களா?"

சரியாகத்தான் கேட்டார்.

ஆரம்பித்தவர் பெயர் சம்பத்குமார். பீளமேட்டில் பிறந்து இங்கேயே இன்ஜினீயரிங் படித்தவர். அமெரிக்காவில் முப்பது வருடம் இருந்தும் பேச்சில் ஒரு 'ங்க' குறையவில்லை. இங்கே காலை ஏழரை என்றால் அவருக்குச் சாயங்காலம். தினமும் அந்த நேரத்துக்கு போன் வரும். "சாப்பிட்டீங்களா வசந்தா?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "வெளிக்கணக்குல எவ்வளவுங்க இருக்குது?"

வெளிக்கணக்கு என்றால் டிரஸ்டுக்கு வெளியே இருக்கும் செலவுப் பணம். அது எப்போதும் அடிமட்டத்தில்தான் இருக்கும். அறுபது மில்லியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூரியர் செலவுக்கு யோசித்த கம்பெனி எங்களுடையது.

2. வரிப் பணம்

டிரஸ்டில் வரும் வட்டியிலிருந்து வருமான வரி கட்ட மட்டும் எடுக்கலாம். ஒருமுறை அப்படி எடுத்த பணம் வெளிக்கணக்கில் இருந்தது. கட்ட வேண்டிய தேதிக்கு இன்னும் ஐந்து வாரம். அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் பில் வந்தது. கொடுக்காவிட்டால் காலாண்டு அறிக்கையில் கையெழுத்து ஆகாது.

எனக்கு அது பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை. மில்லில் ஒரு பில்லுக்கு வைத்ததை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது மாதத்தில் நாலு தரம் நடக்கும்.

"சார், வரிப் பணம் சும்மாதானுங்க கெடக்குது. ஆடிட்டருக்குக் குடுத்துப்போட்டு, நீங்க அனுப்புனதும் திருப்பி வெச்சுறலாங்க" என்றேன்.

அதற்கு அவர் கேட்டார்:

"ஏனுங்க வசந்தா, பக்கத்து ஊட்டுக்காரரு சாவியைக் குடுத்துட்டு ஊருக்குப் போயிருக்காரு. அவரு அரிசியை எடுத்து வடிச்சுச் சாப்பிட்டுப்போட்டு, வர்றதுக்குள்ள வாங்கி வெச்சுறலாம்னு இருப்பமுங்களா?"

"இல்லீங்க சார்."

"நான் அனுப்பறனுங்க. ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க."

பணம் வந்தது. அவர் கம்பெனிக்குக் கொடுத்த கடன் என்று பத்திரம் தயாரித்துப் பதிவு செய்தேன். அந்தப் பணத்துக்காக, தன் அப்பா சூலூர்ப் பக்கம் வாங்கிப்போட்டிருந்த மனையை அவர் விற்றார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அன்று அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டிரஸ்டுப் பணம் ஒரு சென்ட் நகர்ந்தாலும் இரண்டு தரம் சரிபார்ப்பேன்.

3. பன்னிரண்டாவது கம்பெனி

பதினொரு கம்பெனிகளைப் பார்த்தோம். ஒன்றில் முதலாளிகளுக்குள் வழக்கு. ஒன்றில் கணக்குக் கேட்டால் பவர்பாயிண்ட் அனுப்பினார்கள். ஒன்று எல்லாம் கூடிவந்த பிறகு வேறு பெரிய இடத்துக்குப் போய்விட்டது. ஒன்றரை வருடம் முடிந்துவிட்டது. கெடுவை நீட்டிக்க வேண்டுமென்றால் பங்குதாரர்கள் ஓட்டுப் போட வேண்டும். போட்டார்கள். ஆனால் சட்டப்படி அந்தச் சமயத்தில் யார் வேண்டுமானாலும் தன் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீட்டித்த ஒவ்வொரு மாதத்துக்கும் சம்பத் சார் டிரஸ்டுக்குள் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் அவர் கைப்பணம்தான்.

அப்போதுதான் சிவகாமியின் கம்பெனி வந்தது. துடியலூரைத் தாண்டி ஒரு தொழிற்சாலை. பம்புக்கும் பேட்டரி வண்டிக்கும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் செய்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரத்துக்காகத் தாய்க் கம்பெனியை அமெரிக்காவில் பதிவு செய்திருந்ததால் இணைப்பது சுலபம். சிவகாமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விவசாயக் குடும்பம். முதல் கன்ட்ரோலரை அவரே சால்டரிங் வைத்துச் செய்தவர். ஆர்டர் கைமீறி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது பிளாண்ட் போடப் பணம் வேண்டும். பாங்க் கேட்ட அடமானம் அவரிடம் இல்லை.

சம்பத் சார் ஊருக்கு வந்து பார்த்தார். திரும்பும்போது காரில், "வசந்தா, இதுக்குத்தானுங்க ரெண்டு வருசம் தேடுனோம்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர்களுடைய புத்தகங்களை மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். டீ செலவு வவுச்சர் வரைக்கும் சுத்தம்.

4. நான் மாற்றிய எண்

அடுத்த ஐந்து வருடத்தில் என்ன விற்பார்கள் என்ற மதிப்பீட்டை நான் தயாரித்தேன். முதல் கணக்கில் விற்பனை ஐந்து வருடத்தில் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. இணைப்பு வேலைக்காக மும்பையிலிருந்து ஓர் ஆலோசகரை வைத்திருந்தோம். தமிழர்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"மேடம், இந்த நம்பரைக் காட்டினா இருக்கிற பங்குதாரரும் பணத்தை வாங்கிட்டுப் போயிடுவாங்க. வெளியிலிருந்து போடறேன்னு சொன்ன முதலீட்டாளரும் வர மாட்டாங்க. மூணாவது வருஷத்திலிருந்து கொஞ்சம் ஏத்துங்க. இது மதிப்பீடுதானே, கணக்கில்லையே!"

ஏற்றினேன். மறுபடி கேட்டார், மறுபடி ஏற்றினேன். வளர்ச்சி விகிதம் இருக்கும் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் கீழே அறுபது வரி தானாக மாறிவிடும். இரண்டு மடங்கு ஆறு மடங்கானது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இணைப்பு நடக்க வேண்டும், சம்பத் சார் போட்ட பணம் திரும்ப வேண்டும், என் வேலையும் நிலைக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் செய்தது நல்ல எண்ணத்தில்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆலோசகர் அதை சம்பத் சாருக்கும் சிவகாமிக்கும் அனுப்பினார். பங்குதாரர்களுக்குப் போகும் அறிக்கையில் சேர்க்க சிவகாமியின் கையெழுத்து வேண்டும். வாங்கி வர நான் போனேன்.

அவர் ஆபீசில் இல்லை. டெஸ்டிங் பெஞ்சுகள் இருக்கும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த மோட்டார் சத்தத்துக்கு நடுவிலேயே தாளை வாங்கிப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

"மேடம், நாலாவது வருசத்துக்கு இத்தனை கன்ட்ரோலர்னு போட்டிருக்குது. நம்மகிட்ட எத்தனை பெஞ்சு இருக்குதுங்க?"

எண்ணிப் பார்த்தேன். "நாலுங்க."

"ஒரு பீஸ் டெஸ்ட் பண்ண நாப்பது நிமிசம். புது பிளாண்டு வந்தா இன்னொரு எட்டு பெஞ்சு வெச்சுக்கலாம். மூணு ஷிப்டு இப்பவே ஓடுது. இப்பக் கணக்குப் போடுங்க."

போன் கால்குலேட்டரில் போட்டேன். தாளில் இருந்த எண்ணை எட்டவில்லை.

"இன்னும் பெஞ்சு வாங்கலாமுங்களே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பெஞ்சு வாங்கிறலாங்க. பெஞ்சுல நிக்கற ஆளு? ஒரு பொண்ணு தனியா நின்னு இது நல்ல பீசு, இது ஆகாதுன்னு சொல்றதுக்கு ஒண்ணேகால் வருசம் ஆகுது. டெஸ்ட் பண்ணாம அனுப்பச் சொல்றீங்களா? காட்டுல ராவுல தண்ணி கட்டறவன் கையில ஷாக் அடிச்சா நான் என்னுங்க சொல்றது?"

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "இது நீங்க போட்ட கணக்குங்களா?"

இத்தனை வருட வேலையில் நான் அப்படித் தலைகுனிந்தது இல்லை. "ஆமாங்க. மொதல்ல வேற போட்டிருந்தேன். அப்புறம் மாத்திப்போட்டனுங்க" என்றேன்.

"மொதல்ல போட்டது இருக்குதுங்களா?"

லேப்டாப்பில் இருந்தது. திறந்து காட்டினேன். அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

"இதைப் பிரிண்ட் எடுங்கக்கா. கையெழுத்துப் போடறேன்."

அதுவரை மேடம் என்று அழைத்தவர் அன்றுதான் அக்கா என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5. எது சரியான கணக்கு

மறுநாள் காலை பீளமேட்டில் இருந்த எங்கள் ஆபீசில் சிவகாமியும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கர் போனில் சம்பத் சார், இன்னொரு லைனில் ஆலோசகர்.

ஆலோசகர் பொய் சொல்லவில்லை. நிலைமையைச் சொன்னார். "சின்ன நம்பரோட போனா முதலீட்டாளர் விலகிடுவார். அவர் விலகினா டீல் இல்லை. கெடு முடிய ஒன்பது வாரம்தான் இருக்கு. சம்பத் சார், நீங்க இதுவரைக்கும் போட்டது எல்லாம் போயிடும். மேடம், உங்க பிளாண்டும் வராது."

சிவகாமி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பணம் வேணுமுங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு நான் ஒண்ணும் வசதியா இல்லீங்க. ஆனா, செய்ய முடியாததைச் செய்யறேன்னு எழுதிக் குடுத்துப்போட்டு வாங்க மாட்டேன்."

பிறகு சம்பத் சார் கேட்டார். "வசந்தா, நீங்க சொல்லுங்க. எது சரியான கணக்குங்க?"

அதற்கு என்ன பதில் சொன்னாலும் அதில் என் வேலையும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

"மொதல்ல போட்டதுங்க சார். ரெண்டாவது, நான் ஏத்துனது."

"அப்ப மொதல்ல போட்டதுதானுங்க போகோணும்."

அதோடு முடித்துவிட்டார். ஏன் ஏற்றினாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

ஆலோசகர் சொன்னபடியே நடந்தது. முதலீட்டாளர் விலகினார், இணைப்பு நின்றது. கெடுவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஆலோசகர் வேறொரு கம்பெனியைக் கொண்டு வந்தார். கடனில் மூழ்கிய கம்பெனி. அவசரத்துக்கு இணைத்துவிட்டால் சம்பத் சார் தன் பங்கில் கொஞ்சத்தையாவது விற்று வெளியே வந்துவிடலாம். அவர் கணக்கைக்கூட கேட்கவில்லை. "எனக்கு வேண்டி அத்தனை பேரை இதுல எறக்கி உடறதுங்களா? வேண்டாமுங்க. இருக்கறதைத் திருப்பிக் குடுத்தறலாம்" என்றார்.

திருப்பிக் கொடுக்கும் கணக்கை நான்தான் போட்டேன். பத்து டாலர் போட்டவர்களுக்கு வட்டியோடு பத்தே முக்கால் டாலருக்கு மேல் போனது. ஒருவருக்கும் ஒரு சென்ட் குறையவில்லை. ஆடிட்டர், வக்கீல், அறிக்கை அச்சடித்தவர் எல்லோருக்கும் பாக்கியைத் தீர்த்தோம். கடைசியாகச் சம்பத் சார் கொடுத்த கடன்கள், கட்டிய கூடுதல் பணம் இரண்டையும் திரும்ப வராதவை என்று எழுதித் தள்ள வேண்டியிருந்தது. அந்தப் பதிவைப் போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் அந்த நம்பரை ஏத்தாம இருந்திருந்தா, முதலீட்டாளர் வர மாட்டாருன்னு மொதல்லயே தெரிஞ்சிருக்குமுங்க சார். ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும்."

"பணம் போனது வலிக்குதுங்க வசந்தா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு எட்டு வருசம் வேலை செய்யோணும்" என்றார். "ஆனா ஒருத்தரு பணத்தையும் தொலைச்சுப்போடலை பாருங்க. அது பெருசுங்க."

அறுபது வயது தாண்டியவர். இன்றும் அங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறார்.

6. இப்போது

கம்பெனியைக் கலைத்து பத்து நாள் இருக்கும். சிவகாமி போன் செய்தார். "அக்கா, எங்க கணக்கைப் பாக்க வாரீங்களா? சம்பளம் கொஞ்சம் கம்மிதானுங்க."

"நான் மாத்துன நம்பரைப் பாத்த பொறகுமுங்களா?" என்று கேட்டேன்.

"மாத்துனேன்னு சொன்னீங்கல்ல!"

சேர்ந்தேன். சின்னதாக ஒரு பாங்க் கடன் வாங்கி, பெரிய பிளாண்டுக்குப் பதில் பக்கத்து ஷெட்டைப் பிடித்து இரண்டு பெஞ்சு கூட்டினோம். போன வருடம் இன்னும் இரண்டு. மெதுவாகத்தான் போகிறது. ஆனால் பீஸ் திரும்பி வருவதில்லை.

கணக்குத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். திரையில் ஓர் எண்ணை ஏற்ற ஒரு நொடி போதும். ஏற்றுவதற்கு முன், அந்த எண்ணைக் கையால் செய்துமுடிக்க வேண்டியவர் யார் என்று பார்த்து, எழுந்து போய் அவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு காலாண்டும் மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கொண்டு நான் டெஸ்டிங் கூடத்துக்குப் போகிறேன். அங்கே ஷிப்டுக்குப் பொறுப்பான கலைச்செல்வியிடம், "இத்தனை முடியுமா கண்ணு?" என்று கேட்பேன். போன மாதம் அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"முடியாதுங்க மேடம்."

மேலே வந்து எண்ணைக் குறைத்தேன்.