ஆயுத பூஜையன்று மூச்சுத் திணறிய சர்வர்

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நாங்கள் கொல்கத்தாவில் இருந்தோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் கரியாஹாட் பக்கம் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனியில் புரோகிராமர். அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. 'கொஞ்சம்' என்பதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகைதான்.

எங்கள் பகுதியில் ஒரு ரத்ததானக் குழு இருந்தது. யாருக்கு என்ன குரூப், என்ன போன் நம்பர் என்று பெரிய ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருந்தார்கள். தேவைப்படுகிறவர்கள் கம்ப்யூட்டரிலேயே தேடிக்கொள்ளட்டும் என்று, அவர்களுக்கு நான் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு தளம் எழுதிக் கொடுத்தேன். அதை வைக்க இடம் வேண்டுமே? எங்கள் முதலாளியிடம் கேட்டேன். அவரை 'தாதா' என்றுதான் கூப்பிடுவோம். பயப்படாதீர்கள், வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். கம்பெனியின் ஒரே சர்வரில் ஏற்கெனவே புடவைக் கடை, மிட்டாய்க் கடை, டிராவல்ஸ் என்று பல வெப்சைட்டுகள் குடியிருந்தன. மற்றவற்றுக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பல குடும்பங்கள், ஒரே தண்ணீர்த் தொட்டி. புதிதாக வந்தவர் குழாயைத் திறந்தே வைத்தால் எல்லார் வீட்டிலும் தண்ணீர் நின்றுவிடும். சர்வரில் அந்தத் தொட்டிக்குப் பெயர் மெமரி. என் பைத்தானைத் தனியாக ஓடவிட்டு, 'உனக்கு இவ்வளவுதான்' என்று அளவு வைத்திருக்க வேண்டும். ஆனால் துர்கா பூஜை நெருங்கிவிட்டது. அங்கே பூஜைக்குமுன் முடியாத வேலை லீவு முடிந்துதான் நடக்கும். அந்தப் பறப்பில், மற்ற சைட்டுகளை நடத்தும் புரோகிராமுக்குள்ளேயே இதையும் சேர்த்துவிட்டோம். தாதாவும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நவமி அன்று ஊரே தெருவில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொல்கத்தாதான். வங்காளி தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ் ஒரு சொட்டுக் குறையாது. அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றோடும் என் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, சாமி முன்னால் வைத்திருந்தார். மறுநாள் காலை வரை யாரும் கை வைக்கக் கூடாது.

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தேன். தாதா போனில் கத்தினார். பின்னால் பந்தலின் மேளச் சத்தம். எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, புடவைக் கடைக்காரர் திட்டித் தீர்க்கிறார், உடனே உன் பைத்தானை நிறுத்து என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் தளத்தால்தான் என்று எப்படிச் சொல்லலாம்? அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். லோக்கல் கேபிள் சேனலில் பூஜை நேரலை. கீழே என் தளத்தின் முகவரி ஓடிக்கொண்டிருந்தது! குழுவினர் ஆர்வக்கோளாறில் கொடுத்திருக்கிறார்கள். ஊரே திறந்து பார்க்கிறது. தொட்டி காலி.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. தெரியாத ஆண்குரல். அவருடைய சின்ன மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவசர ஆபரேஷன், ஓ நெகட்டிவ் வேண்டும். பூஜை நாட்களில் ரத்ததான முகாம் நடக்காததால் ரத்த வங்கியில் அந்த குரூப் இல்லை. குழுவைக் கேட்டால் என் நம்பரைத் தந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்று ரிஜிஸ்டரைக் குழுவின் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போய்விட்டார். இவர் ஆஸ்பத்திரி எதிரே ஒரு சைபர் கஃபேயில் நின்றுகொண்டு என் தளத்தைத் திறக்கப் போராடுகிறார்.

சாமி முன்னால் பூவோடு இருந்த லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தேன். சர்வருக்குள் நுழைய வழி அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. தாதாவின் கம்ப்யூட்டரோ லீவுக்குப் பூட்டிய எங்கள் கம்பெனிக்குள்.

"அத்தை, ஒரு பிள்ளைக்கு ரத்தம் வேணுமாம். லேப்டாப் இருந்தாத்தான்..."

அத்தை ஒரு கணம் சாமி படத்தைப் பார்த்தார். பூவை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பிடி. சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன்."

எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டேன். ஆனால் சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. தாதா சொன்னபடி என் தளத்தை நிறுத்தினால் மற்றவை பிழைக்கும். அந்த அப்பா எங்கே போய்த் தேடுவார்? நிறுத்தாமல் தனியிடத்துக்கு மாற்றிவிடலாம் என்று பிடிவாதமாக ஏதேதோ தட்டினேன். எதுவும் நகரவில்லை. தாதா மறுபடி மறுபடி அழைத்தார். எடுக்கவே இல்லை.

அந்த அப்பா திரும்பக் கூப்பிட்டார். இதோ சரியாகிவிடும், வெப்சைட் வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்று நான் படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கிட்டார். கோபமே இல்லை, குரல் மட்டும் நடுங்கியது.

"ஆமார் வெப்சைட் லாக்பே நா, தீதி. ரொக்தோ லாக்பே."

எனக்கு வெப்சைட் வேண்டாம் அக்கா, ரத்தம்தான் வேண்டும்.

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. நான் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? அந்தப் பிள்ளையையா, என் தளத்தையா? பெயர்களெல்லாம் உள்ளே டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அதைப் பார்க்க எனக்கு எதற்கு வெப்சைட்?

என் பைத்தானை நானே நிறுத்தினேன். சிறிது நேரத்தில் சர்வர் மூச்சு விட்டது. நேராக டேட்டாபேஸில் ஓ நெகட்டிவ் கேட்டேன். திரையில் சில பெயர்கள் வந்தன. நான் நம்பர்களை வாசிக்க வாசிக்க, அத்தை வீட்டு போனில் டயல் செய்தார். முதல் ஆள் குடும்பத்தோடு பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போயிருந்தார். அடுத்தவருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒருவர் எடுத்தார். அவர் பந்தலில் இருந்தார். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அத்தை நடுவீட்டில் நின்றபடி தொண்டை கிழிய வங்காளியில் கத்தினார். சட்டென்று கத்தலை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னார். ரிசீவரை வைத்தவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"'ஆஸ்ச்சி மாஷிமா'ன்னுட்டான். வாரானாம்மா, வாரான்."

அதன் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. கூட்டத்தில் வண்டி நகருமா, அந்தப் பையன் போய்ச் சேருவானா என்று இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லா சைட்டும் வந்துவிட்டது என்று தாதா மகிழ்ச்சியாகச் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. விளக்கேற்றும் நேரத்தில் அந்த அப்பா கூப்பிட்டார். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வந்தவர், பாதியிலேயே அழுதுவிட்டார். நானும்தான் அழுதேன்.

அத்தை லேப்டாப்பைத் துடைத்து, புதிதாகக் குங்குமம் வைத்து, மறுபடி சாமி முன்னால் கொண்டுபோய் வைத்தார். "பாவம், இதுவும் இன்னைக்கு உழைச்சிருக்குல்லா" என்றார்.

விஜயதசமியன்று அந்தச் சின்னப் பெண்ணே அப்பாவின் போனில், சோர்ந்த குரலில், எங்களுக்கு 'ஷுபோ பிஜோயா' என்று விஜயதசமி வாழ்த்துச் சொன்னாள். லீவு முடிந்ததும் என் பைத்தானைத் தனிக் குடித்தனம் வைத்து, மெமரிக்கும் அளவு வைத்தேன். ரிஜிஸ்டரைப் பூட்டக் கூடாது என்று குழுவிடம் சண்டையும் போட்டேன்.

அதன் பிறகு எத்தனையோ சர்வர்கள், எத்தனையோ தளங்கள். எது திணறினாலும் எனக்கு முதலில் கேட்பது சைபர் கஃபேயில் நின்ற அந்த மனிதரின் நடுங்கிய குரல்தான். அதைக் கேட்ட நாளிலிருந்து, நான் செய்த பொருளைவிட அதற்காகக் காத்திருப்பவர்தான் பெரியவர் என்பதை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை.